ஓசையில்லாமல் வருகிற போலீசைப் பற்றி ரீத்தாவுக்கு

குழித்துறை
12.8.2011

அன்புத் தங்கை ரீத்தாவுக்கு அண்ணன் ஏசுஅடிமை எழுதுவது. மாதா கிருபையால் நானும் உன் மைனி வியாகுலம்மாளும் இவ்விடம் சுகம். அவ்விடம் குவைத்தில் உன் சுகமும் மச்சான் சுகமும் பிள்ளைகள் படிப்பும் அறிய ஆவல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை ஒட்டுக் கேட்கிறார்கள் என்று எனக்குப் பலத்த சந்தேகம். ஆகவேதான் லீவு முடிந்து திரும்பும் நம் பக்கத்து வீட்டு ஆன்ட்ரூஸ் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உறை பிரிந்திருந்தால் அவனிடம் ஒன்றும் கேட்காதே, எனக்கு மட்டும் சொல்.

விஷயம் என்னவென்றால், நம் ஊரில் போலீசார் சைக்கிள் ரோந்து ஆரம்பித்திருக்கிறார்கள். கள்ளன் பைக்கில் பறக்கிற காலத்தில் போலீஸ் சைக்கிளில் வருகிறது என்றால் அதில் உள்ளுக்குள் ஏதோ இருக்கவேண்டுமா இல்லையா? ஜீப் என்றால் தூரத்திலேயே சத்தம் கேட்கும், மனுஷன் சுதாரித்துக்கொள்ளலாம். சைக்கிள் ஓசையில்லாமல் வருகிறது. ஓசையில்லாமல் வருகிறவன் நல்லதுக்கு வருவானா? போன மாதம் மார்க்கெட் முக்கில் என் காருக்கு முன்னால் ஒருத்தன் சைக்கிளில் ஆடி அசைந்து போனான். கொஞ்சம் ஹாரன் அடித்தேன். கொஞ்சந்தான், கையை எடுக்கல்ல, அவ்வளவுதான். கண்ணாடியில டொக் டொக்னு சத்தம். பாத்தா, போலீஸ் உடுப்பில ஒரு பொம்பள, சைக்கிள் மேல இருந்தமேனிக்கு நிக்கா. பூங்கனியாம், தோவாளைக்காரி. "ஏசுஅடிமை அண்ணாச்சி, அவரும் ரோட்டுக்கு உள்ள ஆளுதான். ஒரு மனுஷன் தடுமாறி விழுந்தாலும் சக்கரம் ஏறாத அளவுக்கு இடம் விட்டுப் போங்க"ன்னு சொல்லுதா. ஆயுசு பூரா பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன்ட்ட! அது போகட்டும், என் பேரை அவளுக்கு யாரு சொன்னா? அதுக்குப் பிறகு சர்ச்சு வாசல்ல நிக்கா. முடிவெட்டுற கடை முன்னால நிக்கா. என்னைக் கண்டதும் சிரிக்கா. போலீஸ் முறைச்சா எனக்குப் பயமில்ல ரீத்தா, சிரிச்சாத்தான் பயம்.

இப்பிடி இருக்கும்போ உன் மைனி போக்கும் சரியில்ல. காலையில பூசைக்குப் போறவ, பூசை முடிஞ்சு ஊரே வீடு சேர்ந்தபிறகு வேர்த்து விறுவிறுத்து வாறா. முட்டியில தோலு உரிஞ்சிருக்கு. "என்னட்டி இது?"ன்னு கேட்டேன். "குளிமுறியில வழுக்கிட்டேன்"ங்கா. மறுபடி கையில சிராய்ப்பு. அதுவும் குளிமுறியாம். ஒருத்தி எத்தனை தடவை வழுக்குவா? முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினா இப்பிடித் தோலு உரியுமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். உன் மைனி ஜெபம் அவ்வளவு நீளமில்ல. அப்பந்தான் எனக்குப் பொறி தட்டிச்சு. என் பேரு, என் கார், நான் போற வாற நேரம் எல்லாம் போலீசுக்குப் போவுது. கொண்டுபோற ஆளு நம்ம வீட்டுக்குள்ளதான்.

ஒரு காலம்பற அவளுக்குத் தெரியாம கார்ல பின்னால போனேன். சர்ச்சுக்குப் பின்பக்கமா இறங்கி ஆத்தங்கரை ரோட்டுக்குத் திரும்பினா. அங்க என்ன கண்டேன்னு நினைக்க? உன் மைனி சேலையைத் தூக்கிச் செருகிட்டு லேடீஸ் சைக்கிள்ல ஏறி உக்காந்திருக்கா, அந்தப் பூங்கனி சீட்டைப் பிடிச்சுட்டுப் பின்னால ஓடுதா! காரை ஓரமா நிறுத்தினேன், சட்டுனு கதவைத் திறந்தேன்.

டமார்னு ஒரு சத்தம். நம்ம மீன்காரன் இஞ்ஞாசி சைக்கிளோட வந்து என் கதவில இடிச்சிட்டான். இடிச்சான்னுதான் முதல்ல எல்லாருட்டயும் சொன்னேன். உனக்கிட்ட மறைக்க என்ன இருக்கு? அவன் நேராத்தான் வந்தான். நாந்தான் பின்னால பாக்கல்ல. மீன்பெட்டி ஒருபக்கம், சாளை மீனு ரோடு முழுக்க, இஞ்ஞாசி நடு ரோட்டில மலந்து கிடக்கான், எந்திரிக்க முடியல்ல. வளைவில மணல் லாரி ஒண்ணு வருது. நான் கதவைப் பிடிச்சுட்டே நின்னேன் ரீத்தா. பூங்கனி உன் மைனியையும் சைக்கிளையும் அப்பிடியே விட்டுட்டு ஓடிவந்து ரெண்டு கையையும் விரிச்சுட்டு லாரிக்கு முன்னால நின்னா. லாரி நின்ன இடத்துக்கும் இஞ்ஞாசி தலைக்கும் நடுவில அவ மட்டுந்தான் இருந்தா. இஞ்ஞாசி என்னைப் பாத்து, "அண்ணே, ஒரு தரம் திரும்பிப் பாத்திருக்கலாமே"ன்னான். ஏசியிருந்தா பதிலுக்கு ஏசியிருப்பேன். அவன் பதமாத்தான் கேட்டான்.

இஞ்ஞாசிக்குத் தோள் எலும்பு முறிஞ்சிருக்கு. ஆசுபத்திரியில வச்சு உன் மைனிக்கிட்ட, "என்னைப் பத்தி போலீசுக்கு என்னல்லாம் சொன்ன?"ன்னு கேட்டேன். "நீங்க ஹாரன் அடிக்கிறது ஸ்டேஷன் வரைக்கும் கேக்கு, இதில நான் வேற சொல்லணுமா? உங்க கூடக் கார்ல வந்தா ரோட்டில போற சைக்கிள்காரனையெல்லாம் நீங்க ஏசுற ஏச்சு என் காதில விழுது. அதுக்கு நானே ஒரு சைக்கிள் வாங்கி அதில போயிரலாம்னு பட்டுது"ங்கா.

இஞ்ஞாசி கேசு வேண்டாம்னு சொல்லிட்டான். ஏன் வேண்டாம்னான்? அதிலயும் எனக்கு சம்சயம்தான். இப்ப அவன் தோள் கூடுறது வரைக்கும் மீன்பெட்டியை என் கார்ல ஏத்தி நாந்தான் வீடு வீடாக் கொண்டுபோறேன். அவன் முன்சீட்டில கட்டுப்போட்டுட்டு ராஜா மாதிரி இருந்து, "மீனேய்"னு கூவுறான். கார்ல உக்காந்தா கர்த்தருக்கே மூச்சு முட்டும். வழியில பூங்கனி நிறுத்தி, "இனி கதவை இடது கையால திறங்க அண்ணாச்சி. உடம்பு தன்னால திரும்பும், பின்னால வாற ஆளு தெரியும்"னு சொன்னா. இடது கையால செய்த காரியம் எது விளங்கிருக்கு? ஆனாலும் செய்து பாத்தேன். தெரியத்தான் செய்யுது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலும் வெப்ராளமும்.

ஆகையால் நீ உடனே உன் மைனிக்கு போன் போட்டு நன்றாக ஏசி, அந்த சைக்கிளை விற்கச் சொல்லவும். யார் ஒட்டுக் கேட்டாலும் பரவாயில்லை. உன்னையும் மச்சானையும் பிள்ளைகளையும் வேளாங்கண்ணி மாதா அந்த நாட்டு வெயிலிலிருந்தும் வேகத்திலிருந்தும் காப்பாளாக.

அன்பு அண்ணன்,
ஏசுஅடிமை

பி.கு: மைனிக்கு போன் போடாதே. மேலே எழுதினதையும் பெரிசா எடுக்காதே. இன்னைக்குக் காலையில அவ தனியா மெயின் ரோட்டில ஏறினா. எனக்கு மனசு கேக்கல்ல. காரை எடுத்து அவளுக்குப் பின்னால, அவ போற வேகத்திலேயே, நடு ரோட்டில ஓட்டிட்டுப் போனேன். எனக்குப் பின்னால ரெண்டு பஸ்ஸு, ஒரு கல்யாண வேன், பிறகு கண்ணுக்கு எட்டின வரை வண்டி. எல்லாவனும் ஹாரன் அடிச்சான். நான் நகரல்ல. கடைசியில ரோட்டை மறிச்சேன்னு பூங்கனி எனக்கு அபராதம் எழுதிட்டா. உன் மைனி இதொண்ணும் கண்டுக்கல்ல. மணியை அடிச்சுட்டுப் பாலத்தில ஏறிப் போயிட்டா.