பி டிரைவில் மாப்பிள்ளை

எண்பதுகளில் மலேசியாவின் ஈப்போவில் ஒருவன் தனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று சொன்னால், அது பொய் என்று நிரூபிக்க ஊரில் ஆள் கிடைப்பது கஷ்டம். அந்தத் தைரியத்தில்தான் நானும் சொன்னேன். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தை விட்டு நாங்கள் ஈப்போவுக்குக் குடிவந்த புதிது. ஒரு மாதக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போயிருந்தேன் (பாதி நாள் கரண்ட் இல்லை, மீதி நாள் வாத்தியார் இல்லை).

என்னை நம்பி வேலை கொடுத்தவர் ஒரு சோதிடர். கடைவீட்டு மாடியில் 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டியிருந்தார். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் சொன்னால் நான் தட்டி ஏற்றுவேன். ஜாதகம் பதிய ஆளுக்கு ஒரு டிஸ்கெட், மெல்லிய சதுரத் தகடு. அதன் உறையில் அவர் சந்தனம் குங்குமம் வைத்துக் கொடுப்பார். (டிஸ்கெட் மேலேயே வைத்துக்கொண்டிருந்தவரை உறைக்கு மாற்றியதுதான் என் தொழில்நுட்பச் சாதனை.)

பெட்டியின் முகப்பில் டிஸ்கெட் நுழைக்க ஒரே ஒரு வாய். அதன் பெயர் ஏ டிரைவ் என்று கம்ப்யூட்டர் கடையிலிருந்து வந்த சீன மெக்கானிக் காட்டிவிட்டுப் போனார். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும் பெரிய டிஸ்க், சி டிரைவ். ஏபிசி முழுதாகப் படித்த எனக்கு, நடுவில் ஓர் எழுத்தைக் காணோமே என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

எங்கள் வசந்தா அக்கா ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை செய்தாள். ஜாதகம் சேரவில்லை என்றே அவளுக்கு வந்த வரன்களெல்லாம் தட்டிப்போயின. கடைசியாக வந்தவர் கணேசன், சிம்பாங் பூலாய் கல் குவாரியில் லோரி ஓட்டுபவர். பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டதற்கு அக்கா, "பாக்கலாம்லா" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே எங்கள் வீட்டில் பெரிய விஷயம். இந்த முறை எதுவும் கெடக்கூடாது என்று, பொருத்தத்தை நான் வேலை செய்யும் இடத்திலேயே பார்க்கலாம் என நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

கணேசனும் அவருடைய அம்மா பவுனம்மாவும் வந்தார்கள்; எங்கள் பக்கம் அம்மாவும் அக்காவும். கணேசனுக்கு ஜாதகமே எழுதியதில்லை. பிறப்புச் சான்றிதழைப் பார்த்து டிஸ்கெட்டில் ஏற்றினேன். அக்காவுடையது ஏற்கெனவே இருந்தது. ஜாதகம் எழுதிப் பழகியிருந்தேனே தவிர, பொருத்தம் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

அக்காவின் டிஸ்கெட்டை நுழைத்தேன். பெட்டி கரகரவென்று படித்தது. பிறகு திரையில் ஒரு வரி வந்தது: பி டிரைவுக்கான டிஸ்கெட்டைப் போட்டுவிட்டு ஏதாவது ஒரு விசையைத் தட்டு.

பி டிரைவா? பெட்டியின் பின்பக்கம் பார்த்தேன். மேசைக்கு அடியில் பார்த்தேன். பிரிண்டர்தான் பி-யோ என்று சந்தேகப்பட்டு அதன் மூடியையும் திறந்து பார்த்தேன். ராகு காலம் நெருங்குகிறது என்று சோதிடர் திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் இருமிக்காட்டினார். பி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாவிட்டாலும் பெட்டிக்குத் தெரியாமலா போகும்? ஒரு விசையைத் தட்டினேன். மறுபடி கரகரவென்று ஓடி, காகிதம் வந்தது. பத்துக்குப் பத்து.

ஆங்கிலத்தில் இருந்ததை நான் படிக்க, சோதிடர் தமிழில் விளக்கினார். இருவருக்கும் மகம், ஒரே ராசி, ஒரே லக்னம். இப்படி ஒரு சேர்க்கையைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்றார் (அது மட்டும் சத்தியம்). அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் கீழே கோப்பிக் கடைக்குப் போனார்கள். சற்று நேரத்தில் பவுனம்மா காகிதத்தோடு படியேறி வந்தார். பின்னால் கணேசன்.

"தம்பி, நான் இவன தைப்பிங்ல பெத்தேன். இதுல சிலிம் ரிவர்னு இருக்காம். அங்க பெத்தது யாரு?"

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். பெண், மாப்பிள்ளை இருவரும் ஒரே நாளில், ஒரே நிமிடத்தில், ஒரே ஊரில் பிறந்திருந்தார்கள். மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். வாய் ஒன்றுதான், அதையே முதலில் ஏ என்று கூப்பிடும், பிறகு டிஸ்கெட்டை மாற்றச் சொல்லிவிட்டு பி என்று கூப்பிடும் என்றார் அவர். ஒரே வாய் எப்படி இரண்டாகும் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

எனக்கே புரியாததைப் பவுனம்மாவுக்கு விளக்கினேன்.

"அப்ப என் மவன் உள்ள போகவே இல்லையா?"

"இல்லைங்கம்மா. மேச மேலதான் இருந்தாரு."

இந்தத் தடவை டிஸ்கெட்டை மாற்றிப் போட்டேன். பத்துக்கு நான்கு வந்தது. சோதிடர் பரிகாரம் என்று ஏதோ ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அக்கா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவளுக்கு இது பழகிப்போன கட்டம்.

அதுவரை வாயே திறக்காத கணேசன் மெதுவாகச் சொன்னார்: "மொத பேப்பர் நல்லாத்தானே இருந்துச்சி."

பவுனம்மா மகனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் பெட்டியைப் பார்த்தார். "எது ஏ, எது பீன்னு அதுக்கே தெரியல. அது சொல்லியா நான் மருமக எடுக்கணும்? தேதி பாருங்க, சாமி."

கல்யாணம் நடந்தது. அதற்குள் எனக்கு வேலை போயிருந்தது.

இன்றும் வீட்டில் சண்டை வந்து, ஜாதகம் பார்த்துத்தானே கட்டினோம் என்று அக்கா ஆரம்பித்தால், கணேசன் மாமா பிள்ளைகளைக் கூப்பிட்டு நிதானமாகச் சொல்வார்: "ஒங்கம்மாவுக்கும் எனக்கும் எங்க பாத்தாங்க? ஒங்கம்மாவுக்கும் ஒங்கம்மாவுக்கும்லா பாத்தாங்க. அதான் பத்துக்குப் பத்து."