கோழிக்கூண்டில் ஒரு விசாரணை

உலகத்தில் எப்பேர்ப்பட்ட சண்டையையும் முறையான ஒரு விசாரணையால் தீர்த்துவிடலாம். பதினெட்டு வருடம் 'ஊழியர் நலப் பிரிவில்' நாற்காலி தேய உட்கார்ந்து நான் கண்டறிந்த உண்மை இது. ஆகவே, கொல்லையில் வளரும் ஆறு கோழிகளுக்குள் கலவரம் என்று மனைவி ஓடிவந்தபோது நான் பதறவில்லை. முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு குறிப்பேட்டுடன் கிளம்பினேன்.

"முதுகுல ஒரு இறகு இல்லைங்க. ரத்தம் வேற வருது. இப்படியே விட்டா அதைக் கொத்தியே கொன்னுடும்."

பாதிக்கப்பட்டதாகச் 'சொல்லப்படும்' கோழி, மொட்டை. கொத்தியதாகச் சொல்லப்படுவதை மனைவி ரௌடி என்பாள். நான் 'மூத்த உறுப்பினர்' என்றே குறித்துக்கொண்டேன். பதவிக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

விசாரணையில் மூத்த உறுப்பினர் தாமாகவே முன்வந்து, என் கையிலிருந்தே தானியம் தின்று, முழு ஒத்துழைப்பு நல்கினார். மொட்டையோ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு கடைசிவரை வாயே திறக்கவில்லை. எழுத்துமூலமான புகாரும் இல்லை.

"மொட்டையின் 'பாதுகாப்பு' கருதி உடனடி இடமாற்றம்" என்று எழுதிக் கையெழுத்திட்டு, மொட்டையின் மேல் கூடையைக் கவிழ்த்து மூடினேன். எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மச்சினி அழுதுகொண்டு வந்து நின்றபோதும் இதே முறையில்தான் நியாயம் வழங்கினேன்.

மறுநாள் மூத்த உறுப்பினர் வேறொரு கோழியைக் கொத்தினார். அதையும் கூடைக்கு மாற்றினேன். ஐந்தாம் நாள் கூடைக்குள் ஐந்து கோழிகள் மூச்சுமுட்டக் கிடந்தன. கூண்டு, தீவனத் தட்டு, முட்டையிடும் பெட்டி எல்லாம் மூத்த உறுப்பினர் ஒருவருக்கே. கொத்து வாங்க ஆளில்லாததால் கலவரமும் இல்லை. எனக்கே புல்லரித்தது.

மனைவி வந்து பார்த்தாள். கூடையைத் தூக்கி ஐந்தையும் வெளியே விட்டாள். மொட்டையின் முதுகில் புண்ணின் சிவப்பு தெரியாதபடி கருநீல மருந்தைப் பூசினாள். இன்னொரு தீவனத் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு ரௌடியை லபக்கென்று பிடித்து அதே கூடைக்குள் போட்டாள்.

"நாலு நாள் தனியா கிடக்கட்டும். திரும்பி வர்றப்போ கொட்டம் அடங்கியிருக்கும்."

நான் குறிப்பேட்டை உயர்த்திக் காட்டினேன். "விசாரணையே இல்லாம தண்டனையா? இது அநியாயம்!"

"ஏங்க, உங்க மேலாளர் தொல்லை தாங்கலன்னு என் தங்கச்சி வந்து அழுதப்போ, அவளைத்தானே ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிப் போட்டீங்க? அப்போ விசாரணை வெச்சீங்களா?"

"வெச்சோமே!" என்றேன் பெருமையாக. "மேலாளரே தலைமை தாங்கினார்."

அவள் கூடையைப் பார்த்தாள். அப்புறம் என்னை மேலிருந்து கீழ்வரை நிதானமாக அளந்தாள்.

"இதைவிடப் பெரிய கூடை கடையில கிடைக்குமாங்க?"