பாயசத்துக்குப் போன காவலாளி

ஒரு கரண்டிப் பாயசத்துக்காக ஒரு கிட்னியைக் காவல் காக்காமல் விட்டவன் நான். பாறசாலை வட்டாரத்தில் இந்தப் பெருமை வேறு எவருக்கும் கிடையாது.

கிட்னி, செக்போஸ்ட் அண்ணனுடையது. சரியாகச் சொன்னால் அவருடைய அக்கா சரோஜத்தினுடையது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எடுத்து இவருக்கு வைத்துத் தைத்தார்கள். அண்ணன் எல்லைச் செக்போஸ்டில் குமாஸ்தா. லாரிகளை மறித்தது போதாதென்று, ஆபரேஷனுக்குப் பிறகு மனிதர்களையும் மறிக்கத் தொடங்கினார். மூக்கைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு வேலிக்குள்ளிருந்தே விசாரணை: "எலே, அங்கயே நில்லு! இன்னைக்குத் தும்மினியா?" தும்மியவர்கள் வந்த வழியே கொல்லயில் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அவருக்குத்தான் ஏதோ தொற்று என்று முதல் மழைக்காலம் முழுக்க நான் அவரைக் கண்டு ஓடினேன். அவர் என்னைக் கண்டு ஓடினார். வளர்ந்த ஆண்கள் இருவர் எதிரெதிர்த் திசையில் ஓடுவதைப் பெருங்கடவிளை பஸ்ஸே வேடிக்கை பார்த்திருக்கிறது.

கடைசியில் அவரே ரோட்டுக்கு அப்பால் நின்று விளக்கினார்.

"மக்கா, அக்காக்க கிட்னி பேப்பர் இல்லாம பார்டர் கடந்த சரக்காக்கும். உடம்புக்குள்ள இருக்க காவல்காரனுவ கண்டா அடிச்சு நொறுக்கிருவானுவ. அவனுவள ஒறங்க வைக்கத்தான் மருந்து."

"அப்ப வேற சரக்கு வந்தா?"

"அதையும் விட்டுருவானுவ. உனக்க சளி உட்பட. தள்ளி நில்லு!"

எண்ணெய் போன்ற அந்த மருந்தைக் கண்ணாடித் தம்ளரில் பால் கலந்து, காலையும் இரவும் எட்டு மணிக்குக் குடிப்பார். ரேடியோக்காரனே அவரைப் பார்த்துத்தான் செய்தி தொடங்குகிறான் என்று ஊரில் பேச்சு. மருந்தின் உபயத்தில் முகம் இட்டலியாக உப்பியது. நெற்றியிலும் காதிலும் முடி முளைத்தது. அதில் மனமார மகிழ்ந்தவர் பார்பர் ஒருவர்தான்.

சரோஜம் அக்காவின் மகளுக்கு மழைக்காலத்தில் கல்யாணம். ஊர் முழுக்க இருமல். தாய்மாமன் கைபிடித்துத்தான் பெண் மணவறைக்கு வர வேண்டும். அக்கா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "நீ உள்ள வரண்டாம். எனக்க கிட்னிய பத்திரமா வச்சிருந்தா போதும்."

ஆகவே மண்டப வாசலில், கண்ணாடி ஏற்றிய வேனுக்குள் அண்ணன். கதவில் நான். யாரும் அண்டக் கூடாது. அவரும் இறங்கக் கூடாது. நலம் விசாரிக்க வந்த பெரியம்மாக்களைக்கூட விரட்டியடித்தேன். அப்போது சமையல்காரர் பின்பக்கமிருந்து கூப்பிட்டார்: "வந்து ருசி பாத்துச் சொல்லும். போளிமேல பாயசம் ஊத்தி வச்சிருக்கேன்."

போனேன். ருசி பார்ப்பதில் எனக்கு அவசரம் ஆகாது.

திரும்பி வந்தால் வேன் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே மேளம். கைக்குட்டை இல்லாமல், இட்டலி முகம் நிறையச் சிரிப்போடு, மருமகளின் கையைப் பிடித்து மணவறைக்கு வந்துகொண்டிருந்தார் அண்ணன். நான் விரட்டிய பெரியம்மாக்கள் இருமிக்கொண்டே அவர் கன்னத்தைத் தடவினார்கள்.

சில நாளில் காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. திருவனந்தபுரத்தில் டாக்டர்கள் தயங்கித் தயங்கி மருந்தைக் குறைத்தார்கள். குறைக்காவிட்டால் ஆளுக்கு ஆபத்து, குறைத்தால் கிட்னிக்கு. காவல்காரர்கள் விழித்தார்கள். ஆனால் காய்ச்சலைப் பிடிக்காமல், நேரே அக்காவின் கிட்னியைப் போய்ப் பிடித்தார்கள். அடுத்த மழையை அண்ணன் பார்க்கவில்லை.

எங்கள் ரோட்டில் இப்போது யார் வேண்டுமானாலும் தும்மலாம். கேட்க ஆளில்லை.

பதினாறாம் நாள் முடிந்து அக்காவின் முன்னால் போய் நின்றேன். "அக்கா, நான் கதவ விட்டுட்டுப் பாயசத்துக்குப் போயிட்டேன்" என்று சொல்லி அழுதேவிட்டேன். அவள் முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எலே, உன்னைக் கூப்பிடச் சொல்லி ஏற்பாடு பண்ணினதே அவனாக்கும். ஆஸ்பத்திரியில கெடந்து எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சான். 'ஒரு கரண்டி போதும், அந்தப் பய போயிருவான்'னு சமையல்காரன்கிட்டச் சொன்னானாம்."