சோத்து டொக்குத்தர்

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், மன்னார்த் தீவில் எந்த வீட்டில் யார் எத்தனை அகப்பை சோறு சாப்பிட்டார்கள் என்பதை ஆண்டவருக்கு அடுத்தபடியாக அறிந்திருந்தவர் ஒரே ஒருவர்தான். அவருடைய வாசல் பலகையில் நல்ல நீளமான பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதை வாசித்ததில்லை. தீவு முழுவதற்கும் அவர் சோத்து டொக்குத்தர்.

மற்ற டொக்குத்தர்மாருக்குக் காய்ச்சல் இறங்கினால் வேலை முடிந்தது. இவருக்கு அப்போதுதான் பாதி முடியும். சுகமான ஆள் வயிறாரச் சாப்பிடுவதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும். மத்தியானம் சோறு போடுகிற நேரம் பார்த்துச் சைக்கிளில் வந்து, கதிரையை இழுத்துப்போட்டு எதிரே உட்காருவார். பேச்சில்லை. வாயையே பார்ப்பார்.

"நீங்களும் ஒரு பிடி சாப்பிடுங்கோவன்" என்றால், "நான் சாப்பிட வரேல்லை, பார்க்க வந்தனான்" என்பார்.

தலைமன்னாரில் ஒரு கலியாணப் பந்தியில் மாப்பிள்ளைக்கு எதிரே போய் உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு முந்தின மாதம்தான் மலேரியா மாறிச் சுகமாகியிருந்தது. அந்தப் பார்வைக்குப் பயந்து அவன் நாலு தரம் சோறு வாங்கினான். இப்படி ஒரு தீனிக்காரனுக்கா பெண் கொடுத்தோம் என்று பெண்வீட்டார் கலங்கிப்போனார்கள்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எங்கள் பக்கத்து வீட்டுப் புடவைக்கடை சாகுல் முதலாளிக்கு நடந்ததோடு சிரிப்பு நின்றது.

முதலாளிக்கு வயிற்றுளைவு மாறி இரண்டு கிழமை. வழக்கம்போல டொக்குத்தர் வந்து எதிரே உட்கார்ந்தார். நாலாவது கவளத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முதலாளி, விழுங்கேக்குள்ள ஏன் வலப்பக்கம் சரியிறீங்கள்?"

"நான் எங்க சரிஞ்சன்? நேராத்தானே இருக்கிறன்."

டொக்குத்தர் எழுந்து வலது விலாவுக்குக் கீழே இரண்டு விரலால் அமத்தினார். முதலாளி போட்ட சத்தத்தில் தெருவில் படுத்திருந்த கழுதைகள் எழும்பி ஓடின. ஈரலில் கட்டி! அன்றைய ரயிலிலேயே அவரைக் கொழும்புக்கு ஏற்றி, தானும் கூடப் போனார். இன்னும் ஒரு கிழமை பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்று அங்கே சொன்னார்களாம். ஒரு மனிதர் சோறு விழுங்குகிற விதத்தைப் பார்த்து ஈரலுக்குள் இருப்பதைச் சொன்னவரை, அதன் பிறகு நாங்கள் அண்ணாந்துதான் பார்த்தோம்.

அடுத்தது என் முறை. தந்திக் கந்தோரில் கிளாக்கராக இருந்த எனக்கு டைபோயிட் என்கிற நெருப்புக் காய்ச்சல் வந்தது. ஊரையே சாப்பிடச் சொல்லுகிறவர் எனக்கு மட்டும் பார்லித் தண்ணீரைத் தவிர ஒன்றும் ஆகாது என்றுவிட்டார்.

"உம்மடை குடல் இப்ப கடதாசி மாதிரி. ஒரு பருக்கை பட்டாலும் கிழிஞ்சு போகும்."

மூன்றாம் கிழமை. என் அழுகை பொறுக்காமல் மாமியார் பிட்டும் மீன் குழம்பும் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தார். நான் கையை நீட்டவும் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. டொக்குத்தர் பிட்டுக் கோப்பையைப் பார்த்தார். ஏசவில்லை. கதிரையில் உட்கார்ந்து, நான் பார்த்துக்கொண்டிருக்க, அவ்வளவு பிட்டையும் தானே சாப்பிட்டு முடித்தார்.

"இது நியாயமோ டொக்குத்தர்?" என்று அழுதேன்.

"மிச்சம் வைச்சா நான் போனாப்பிறகு நீர் எடுப்பீர்" என்று ஏப்பம் விட்டார்.

பத்து நாள் கழித்து என் மனைவி பிலோமினா குழையக் காய்ச்சிய சோறு வைத்தாள். டொக்குத்தர் தன் கையாலேயே மீனில் முள் எடுத்துத் தந்தார். "மெல்ல. அவசரமில்லை" என்றார். நான் விழுங்க விழுங்க அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். பசியாறியவர் நானா அவரா என்று பிலோமினாவுக்கே சந்தேகம்.

நான் கந்தோருக்குத் திரும்பிய சில நாளில், ஒரு காலை கொழும்பிலிருந்து அவருக்குத் தந்தி வந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பெரிய உத்தியோகம், உடனே வரவும். எழுதி முடித்த கையோடு அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். மத்தியானம் மனச்சாட்சி குத்த, நானே எடுத்துக்கொண்டு போனேன்.

சைக்கிளில் கால் போட்டபடியே வாசித்தார். "ஏலாது எண்டு பதில் அடியும்."

"கொழும்பு டொக்குத்தர்! ஆர் வேண்டாம் எண்டுவினம்?"

"அங்கை காய்ச்சல் இறங்கினவுடனை ஆளுக்குத் துண்டு வெட்டி ஆஸ்பத்திரியாலை அனுப்பிப்போடுவாங்கள். அவன் வீட்டை போய்ச் சாப்பிட்டானோ, பிள்ளையைத் தூக்கினானோ, கடலுக்குப் போனானோ, எனக்கு ஆர் வந்து சொல்லுறது?" தாளில் குறித்திருந்த நேரத்தைப் பார்த்தார். "காலமை வந்த தந்தியல்லோ இது?"

"லைன் சரியில்லை டொக்குத்தர்" என்றேன்.

என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். நறுவிலிக்குளத்தில் ஒரு பிள்ளைபெற்றவள் இன்றுதான் சோறு சாப்பிடப்போகிறாளாம்; நேரமாகிறது என்று மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

முப்பது வருஷம் அந்த உத்தியோகத்தில் இருந்தேன். வேண்டுமென்றே பிந்திக் கொடுத்த தந்தி அது ஒன்றுதான்.