சாவின்னுதான் பாடினோம்

கோவில்பட்டி வட்டாரத்துல வீட்டுலயே கம்ப்யூட்டர் வச்சு பாட்டு பதிஞ்ச மொத ஆளு நாந்தான்.

சரி, பொய். எனக்கு முன்னாடியே டவுன்ல ரெண்டு மூணு பேரு பதிஞ்சாவ. ஆனா அவிய பதிஞ்சது கேட்டா வெளங்கும். கேட்டா வெளங்காத மாதிரி பதிஞ்ச மொத ஆளுன்னு வேணா என்னைய வச்சுக்கிடுங்க. அதுல எனக்குப் போட்டியே கெடையாது.

பள்ளிக்கூடம் எனக்கு அஞ்சாப்போட ஒத்துவராமப் போயிட்டு. (வாத்தியாருக்கு ரெண்டாப்புலயே ஒத்துவரல.) ஆனா மைக்செட்டுத் தொழில்ல நான் புலி. புதூர்ப் பக்கம் எந்த ஊர்ல கோயில் கொடைன்னாலும், நான் வேப்பமரத்துல ஏறி ஸ்பீக்கர் கொழாயக் கட்டுனாத்தான் சாமிக்கே காது கேக்கும். அந்தத் தெம்புலதான் ஒரு பழைய கம்ப்யூட்டர வாங்கிப் போட்டேன்.

அந்தச் சமயம் பஞ்சாயத்து எலக்சன் வந்துச்சு. எங்க ஊரு தலைவர் பதவி பொம்பளையளுக்குன்னு ஆயிட்டு. எங்க மதினி, அதான் அண்ணன் பொண்டாட்டி, "நான் நிக்கேன்"னு நின்னுட்டாவ. காரணம் ஒண்ணே ஒண்ணுதான். குடிதண்ணிக் கொழாய் பழைய தலைவரு வீட்டு வாசலோட நின்னுபோச்சு, எங்க தெருவுக்கு வரவே இல்ல. எங்க தெருப் பொம்பளைய கரிசக்காட்டுக்குள்ள கெணத்துக்கு நடக்கணும். மழை பேஞ்சா செருப்புல ஆளுக்கு ஒரு கிலோ மண்ணு. எதுத்து நிக்கது அந்தப் பழைய தலைவரு சம்சாரம். மதினிக்குக் கெடச்ச சின்னம் சாவி.

"கொழுந்தனாரே, பிரச்சாரத்துக்குப் பாட்டு ஒண்ணு வேணும். உம்மால முடியுமா, இல்ல டவுன்ல குடுக்கவா?"

"டவுன்காரன் எங்கிட்ட வந்து கத்துக்கிட்டுப் போவான், மதினி!" (இதுவரைக்கும் எந்த டவுன்காரனும் எங்கிட்ட பஸ்ஸுக்கு வழிகூட கேட்டதில்ல.)

பாட்டு நானே கட்டுனேன். "வீடு தொறக்கச் சாவி, ஊரு செழிக்கச் சாவி, நம்ம சின்னம் சாவி!" பாடுனது சகாயமேரி அக்கா. சர்ச்சுல பாடுதவிய, வெங்கலக் கொரல். வெளிச் சத்தம் வரக்கூடாதுன்னு ரூம்பச் சுத்திப் பருத்தி மூட்டைய அடுக்கி, ஃபேன நிப்பாட்டிட்டேன். பாடி முடிச்சு அக்கா வேர்த்து விறுவிறுத்து, தலையெல்லாம் பஞ்சோட வெளிய வந்தாவ.

"ஏலே, நான் பாட்டுப் பாட வந்தனா, பருத்தி எடுக்க வந்தனா?"

ஆனா பாட்டு! ஹெட்போன்ல கேட்டா "சாவி"ங்குற எடத்துல சுருக்குன்னு இருக்கும். மறுநா அக்கா, மக பிரசவத்துக்குத் தூத்துக்குடி பஸ் ஏறிட்டாவ.

பிரச்சார ஆட்டோ எசக்கியோடது. பென் டிரைவும் அவன்துதான்.

"இது முழுக்க சாமி பாட்டு இருக்கு அண்ணாச்சி. ஒண்ணு அழிஞ்சாலும் ஸ்டார்ட் ஆகாது."

"ஆட்டோவாலே?"

"நான்."

அதுல மிச்சம் இருந்த எடம் ஒண்ணரை எம்பி. என் பாட்டு அம்பது எம்பி. பன்னிக்குட்டிய தீப்பெட்டிக்குள்ள அடைக்குத கத. எம்பித்ரீயா மாத்துனா சின்னதாவும்னு தெரியும். மாத்தும்போது கம்ப்யூட்டர், எந்த நம்பரு, நூத்தி இருவத்தெட்டா, அறுவத்து நாலா, முப்பத்திரெண்டான்னு கேட்டுச்சு. எதுக்குக் கேக்குதுன்னு யாருக்குத் தெரியும்? நூத்தி இருவத்தெட்டுல போட்டேன், அடங்கல. அந்தச் சின்னதையே எடுத்து அறுவத்து நாலுல போட்டேன், அடங்கல. அதையும் எடுத்து முப்பத்திரெண்டுல அமுக்குனேன். அடங்கிட்டு!

தொவச்ச சட்டையப் பிழிஞ்சா தண்ணிதான போவும், சட்டை அப்படியே இருக்கும்லா? அந்தக் கணக்குதான் எங்கணக்கு. பாட்டுல தண்ணின்னு ஒண்ணு கெடையாது, பிழிஞ்சா சட்டைதான் போவும்னு அப்ப எங்கிட்ட எவன் சொன்னான்?

போட்டுக் கேட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு. (பாட்டக் கட்டுனவன் நான். காதுல விழாததையும் மனசே பாடிக்கிட்டு.) ஒரே பாட்டு பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு எதுக்குன்னு, பெருச அழிச்சுக் கம்ப்யூட்டரையும் சுத்தம் பண்ணிட்டேன்.

மறுநா காலையில மதினி ஒரு வீட்டு வாசல்ல கும்பிட்டு ஓட்டுக் கேட்டுக்கிட்டு நிக்காவ. எசக்கி ஆட்டோ தெருவுக்குள்ள திரும்புது. நான் பின்னாடி கால்மேல காலு போட்டு ஒக்காந்திருக்கேன். கொழாய் பாடுது:

"வீடு தொறக்க ஆவி... ஊரு எழிக்க ஆவி... நம்ம இன்னம் ஆவி!"

பாட்டுல ச-ங்குற எழுத்து ஒண்ணயும் காணும். அக்கா கொரலு கெணத்துக்குள்ள விழுந்த மாதிரி கொளகொளன்னு வருது. அந்த வீட்டுக்காரம்மா மதினிகிட்ட, "ஏட்டி, உனக்கு வேற சின்னமே கெடைக்கலயா?"ன்னு கேட்டுட்டு, புள்ளைய உள்ள இழுத்துக் கதவச் சாத்திட்டாவ.

மத்தியானத்துக்குள்ள எதிர்ப்பார்ட்டி மைக்குல அறிவிப்பே வந்துட்டு. "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! ஆவிக்கு ஓட்டுப் போடணும்னா சுடுகாட்டுக்குப் போங்க. எங்களுக்குப் போடணும்னா பள்ளிக்கூடத்துக்கு வாங்க!"

மதினி வீட்டுக்கு வந்தாவ. திட்டல. அதான் பயமா இருந்துச்சு.

"வேற போடும்."

"பெரிய பாட்ட அழிச்சுட்டேன் மதினி. அக்காவும் ஊர்ல இல்ல."

"அப்ப நீரு பாடும்."

"என் கொரலா?"

"ஆவிக்கு அது தேவலாம்."

கழுத்துல மைக்க மாட்டி ஆட்டோவுல ஏத்தி விட்டுட்டாவ. பிரச்சாரம் முடியுத வரைக்கும் நாந்தான் பாட்டு. எவனும் தப்பாக் கேட்டுறக் கூடாதுன்னு "ச்ச்சாவி! ச்ச்சாவி!"ன்னு எச்சி தெறிக்கப் பாடுனேன். முன்னால இருந்த எசக்கி மழைக்குப் போடுத கோணிய எடுத்துத் தலையில போட்டுக்கிட்டான். சின்னப் பயலுவ ஆட்டோ பின்னாடியே "ஆவி! ஆவி!"ன்னு ஓடியாந்தானுவ. வெளிய வராத கெழவியெல்லாம் வாசலுக்கு வந்து பாத்தாவ. மதினி அந்தக் கூட்டத்துக்கு நடுவுல போய் நின்னாவ. "என் கொழுந்தன் பாட்டத்தான் கெடுத்தான். பழைய தலைவரு வீட்டுக்காரவிய உங்களுக்கு வர வேண்டிய தண்ணியையே கெடுத்தாவ. எது பெருசு?"ன்னு கேட்டாவ பாருங்க, ஒரு பய சிரிக்கல.

இப்ப பாட்டச் சின்னதாக்குத வேலையில நான் கில்லாடி. பெருச சாமி மாதிரி பத்திரமா வச்சுக்கிடுவேன். எத்தன தடவ சின்னதாக்குனாலும் அந்தப் பெருசுலருந்துதான் எடுப்பேன், சின்னத எடுத்துச் சின்னதாக்க மாட்டேன். நம்பரு ரொம்பக் கொறஞ்சா மொத செத்துப்போறது இந்த ச-தான். டவுன்காரன்கூட இப்ப எங்கிட்ட... சரி, அது பொய்.

ஓட்டு எண்ணுத அன்னைக்குப் புதூர்ல ஒரே கூட்டம். மதினி நகத்தக் கடிச்சுக்கிட்டு நிக்காவ. நான் கிட்டப் போகாம, எண்ணுத ரூம்பு ஜன்னலோரம் நின்ன ஒரு லாரிக்குப் பின்னால நிக்கேன். பொட்டியக் கவுத்து மொதச் சீட்டப் பிரிச்சாவ. பிரிச்சவரு அதப் பாத்துட்டு ஒரு மாதிரியாச் சிரிக்காரு. என்னடான்னு எட்டிப் பாத்தா, அதுல...

"ஏ ஆவி! அங்கன யாருகிட்ட ஒக்காந்து கதையளக்கீரு? நம்ம தெருக் கொழாய்ல தண்ணி வந்துட்டு, கொடத்தத் தூக்கிட்டு ஓடியாரும்!"

இந்தா வாரேன், மதினி!