எதிர்த்தரப்புக் கையெழுத்து

ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், வைகாசி மழை பிடித்த பத்தாம் நாள், தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குப் பின்னாலிருந்த மலையில் வெடிப்பு விட்டது. முதல் நாள் அதற்குள் விரல் போனது. மூன்றாம் நாள் கை போனது. இருபத்திரண்டு குடும்பங்களும் பிரதேசக் காரியாலயத்துக்கு மனுக் கொடுத்தன. காரியாலயமும் துரிதமாகச் செயற்பட்டு, ஆறாம் நாள் அதிகாரி கபூர் சேரை அனுப்பி வைத்தது.

கபூர் சேர் நல்ல மனிதர். கொழும்பில் மூன்று நாள் பயிற்சி முடித்து, கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றாமலே வந்திருந்தார். பயிற்சியின் பெயர் 'ஆழ்ந்த நிச்சயமின்மையின் கீழ் தீர்மானம் மேற்கொள்ளல்'. வெடிப்பைக் காட்டுகிறோம் என்று கூப்பிட்டபோது அவர் வர மறுத்துவிட்டார்.

"பார்த்தா எனக்கொரு கருத்து வந்துடும். நான் நடுநிலை."

ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்த பாடசாலையில் எல்லோரையும் கூட்டினார். கடைசி லயத்தில் குடியிருந்த ரோசலின் முதலில் எழுந்தாள். கொழுந்து பறிப்பவள். அவள் வீட்டுக் கதவு நான்கு நாளாகச் சாத்த முடியாமல் கிடந்தது.

"மல விழுமா சேர்?"

"விழலாம். விழாமலும் விடலாம். இதைத்தான் ஆழ்ந்த நிச்சயமின்மைன்னு சொல்றது."

"அது எங்களுக்கும் தெரியுமே சேர்."

"தெரியும். ஆனா படிவம் இல்லாம தெரியும்."

படிவத்தை எடுத்தார். மூன்று பிரதி. விதி சுலபமானது. தன் கருத்தை யாரும் சொல்லக்கூடாது. முதலில் எதிர்த்தரப்பின் கருத்தைச் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு "இதுதான் என் கருத்து" என்று கையெழுத்துப் போட்டால்தான் தன் கருத்துக்கு முறை வரும்.

தரப்புகள் இரண்டு. உடனே போய்விட வேண்டும் என்றாள் ரோசலின். போகக்கூடாது என்றார் சங்கத் தலைவர் ராமச்சந்திரன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "ரோசலினோட கருத்து என்னன்னா, அவளுக்குப் பயம். அவ்வளவுதான்."

"நியாயமா இல்ல. நிராகரிக்கப்படுது" என்றார் கபூர் சேர்.

"பொம்பளைங்களுக்கு எப்பவும் பயம்தான்."

"இதுவும் நிராகரிக்கப்படுது."

இப்படியே ஐந்து மணியானது. கபூர் சேருக்குப் பலாங்கொடை பஸ் வந்துவிட்டது.

மறுநாள் ரோசலின் முறை. அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் பேசினாள்.

"மண்ணு சரியும்னு மேப்பிரிவு ஆளுங்கள ஒரு கெழமதான்னு சொல்லி கூடாரத்துல வச்சாங்க. பதினோரு வருசமாச்சு. அவங்க லயத்த இடிச்சு தேயில நட்டுட்டாங்க. நாம எறங்கிப் போனா நம்ம எடமும் போயிரும். மல விழுமா தெரியாது. ஆனா போனவங்க திரும்பி வந்ததில்ல, அது தெரியும். தலைவர் சொல்றது இதுதான்."

தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். "நான்கூட இப்பிடிச் சொன்னதில்ல" என்று மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். அவள் பேச்சில் உருகி, போகலாம் என்றிருந்த எட்டுக் குடும்பங்கள் தங்கலாம் என்ற பக்கத்துக்கு மாறின. தரப்பு மாறியவர்களுக்குப் புதிய படிவம் தேவைப்பட்டது. அதை எடுக்க கபூர் சேர் பஸ் ஏறினார். தன் கருத்தைச் சொல்ல ரோசலினுக்கு நேரம் கிடைக்கவில்லை.

கூட்டத்தின் மூன்றாம் நாள் மழை ஊற்றியது. எல்லோரும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைவர் இம்முறை உண்மையாகவே முயன்றார். "கதவு சாத்த முடியல. ஊத்துத் தண்ணி செவப்பா வருது. புள்ள தூங்குற சுவத்துக்குப் பின்னாடி மண்ணு நகருது..." பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

"சேர், நான் போகலாங்கிற பக்கம் வந்துர்றேன்."

"முடியாது தலைவரே. நீங்க வந்துட்டா எதிர்த்தரப்புக்குப் பேச யார் இருக்கா?"

ரோசலினுக்குப் பொறுமை போய்விட்டது. "சேர், ஒங்க பக்கத்த நான் சொல்லவா?"

"எனக்குப் பக்கம் கிடையாது, தங்கச்சி."

"இருக்கு சேர். போகச் சொல்லி மல விழலன்னா ஒங்களக் கேப்பாங்க. இருக்கச் சொல்லி விழுந்தாலும் ஒங்களக் கேப்பாங்க. கூட்டம் வச்சா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

கபூர் சேர் கண்ணாடியைக் கழற்றினார். பயிற்சி பெற்ற மனிதர். பொய் சொல்ல மனம் வரவில்லை. "மிகவும் நியாயமான எடுத்துரைப்பு" என்று கையெழுத்துப் போட்டார்.

அவர் மூன்றாம் பிரதியில் எழுதிக்கொண்டிருந்தபோது மலை வந்தது.

லொறி கல் கொட்டுவது போலச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. எல்லோரும் வெளியே ஓடினார்கள். அக்கரையில் மூன்று லயங்கள் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது. கூட்டத்தில் இருந்ததால் மனிதர் ஒருவருக்கும் சேதமில்லை. ரோசலின் தன் வீடு எதுவரை இருந்தது என்று அடையாளம் பார்க்க முயன்றாள். கட்டிப்போட்டிருந்த ஆட்டின் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாள்.

கூடாரம் வேண்டும். கூடாரத்துக்கு 'வெளியேறுவது' என்ற தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்குப் புதுப் படிவத்தில் எதிர்த்தரப்பின் கையெழுத்து வேண்டும்.

"தங்கலாம்னு சொன்னவங்க யாரு?" என்றார் கபூர் சேர்.

ஒரு கை எழவில்லை.

"தலைவரே?"

"நானா? நான் மொத நாளே போகலாம்னுதானே சேர் சொன்னேன்!"

மாறிப்போன எட்டுக் குடும்பங்களும் தாங்கள் மாறவே இல்லை என்றன. பிள்ளைகள் நனைந்த உடுப்போடு பெஞ்சில் நடுங்கிக்கொண்டிருந்தன. இருட்டுவதற்குள் படிவம் போகாவிட்டால் கூடாரம் வராது.

"குடுங்க சேர்" என்றாள் ரோசலின். "அந்தப் பக்கத்த நான்தானே பேசினேன்." மூன்று பிரதியிலும் எதிர்த்தரப்பு என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

மறுநாள் கூடாரம் வந்தது. அதற்கு மறுநாள் டிவிக்காரர்கள் வந்தார்கள். தலைவர் வெள்ளைச் சட்டை கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் போயிரலாம்னுதான் இருந்தோம். இங்க ரோசலின்னு ஒரு பொம்பள, போகாதீங்க போகாதீங்கன்னு அழ வச்சுப் பேசினா. கையெழுத்தே இருக்கு, பாருங்க. அவ பேச்சக் கேட்டிருந்தா இன்னிக்கு நாங்க மண்ணுக்குள்ள."

சுற்றி நின்ற அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். ரோசலினின் புருஷன் தோமஸும் ஆட்டினான்.