குயிலுக்கு விலாசம் கேட்டவர்

“லயத்துப் பிள்ளைக்குக் கவிதையெல்லாம் வருமா?” என்று பெரிய கிளாக்கரின் மகள் கமலா ஒருநாள் கேட்டாள். தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடொன்றில் இருந்த எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அன்றே ஒன்று எழுதி, பத்திரிகைக்கு அனுப்பச் சொல்லி, தோட்டத்துத் தபால் பையைச் சுமக்கும் தப்பால்காரரிடம் கொடுத்தேன்.

இலங்கைப் பத்திரிகை ஆசிரியர்கள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றினாலும் தப்பால்காரர் இருக்கும் தட்டுதான் தாழும். ஹட்டன் தபாலகத்துக்கு நடக்கும் வழியில், ஒட்டாத உறை எதுவானாலும் பிரித்துப் படிப்பார். ஒட்டாத உறைக்குச் குறைந்த காசுத் தபால் முத்திரை போதும் என்பதால் நானும் ஒட்டவில்லை. மாலையில் கவிதை அவர் கையோடு எங்கள் வாசலுக்கே திரும்பி வந்தது.

‘வானிலிருந்து இறங்கும் வெண்பனியே’ என்று தொடங்கியிருந்தேன்.

“பனி எங்க தங்கச்சி எறங்குது? பள்ளத்துல இருந்துல்ல ஏறி வருது. தெனமும் என் முழங்கால்ல புடிச்சு தொப்பி வரைக்கும் மறைக்குதே.”

திருத்தினேன். மறுநாளும் திரும்பி வந்தது. இந்தத் தடவை குயில்.

“எத்தனாம் நம்பர் மலையில கூவுச்சு?”

பாடப்புத்தகத்தில் கூவியது என்று சொல்ல மானம் விடவில்லை. எங்கள் தோட்டத்தில் தேயிலை மலைகளுக்கு நம்பர்தான் பெயர்; ஏழாம் நம்பர் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவர் ஏழாம் நம்பர் மலைக்கே போய் அரை நாள் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். அட்டை கடித்த காலோடு வந்து, அங்கே குயில் இல்லை என்று அறிவித்தார்.

இதற்குள் கமலாவும் ஒரு கவிதை அனுப்பியிருந்தாள். தப்பால்காரர் அதை ‘நல்லாயிருக்கு’ என்றாராம். எனக்கு ஒருநாளும் சொல்லாத சொல். அது அச்சிலும் வந்துவிட்டது. குளம், தாமரை, நடுவில் ஓர் அன்னப்பறவை.

பத்திரிகையோடு ரோட்டுக்கு ஓடி அவரை மறித்தேன். “அண்ணே, இந்த அன்னம் எத்தனாம் நம்பர்ல நீந்துச்சு?”

நின்று படித்தார். வேப்பெண்ணெய் குடித்ததுபோல முகம் கோணியது. “இது ஒட்டி வந்துச்சு தங்கச்சி. இப்பத்தான் பாக்குறேன்.”

“பெறகு ஏன் நல்லாயிருக்குன்னீங்க?”

“கிளாக்கரய்யா நிப்பாட்டிக் கேட்டாரு. மக எழுதுனத வேற என்னன்னு சொல்லுறது?”

பொறாமை அன்றோடு தீர்ந்தது என்றால் பொய். கமலாவின் பெயர்தான் அச்சில் இருந்தது. ஆனாலும் மறுநாள் காலை, குயிலை எடுத்துவிட்டு, எங்கள் லயத்துக் கூரையில் நிஜமாகவே கத்தும் கொண்டைக்குருவியை வைத்து, கவிதையை மூன்றாம் தடவையாக அவரிடம் நீட்டினேன். படித்துக்கொண்டே நடந்தார். பக்கவாட்டிலாவது அவர் முகம் தெரியாதா என்று, நான் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனேன்.